நீர்க்குறி உரைப்பதும் உரையாததும்

உடலின் உள்ளே நிகழ்வனவற்றைக் கண்ணாற் காண்டல் அரிது. ஆதலின் புறத்தே தோன்றும் குறிகளைக் கொண்டு அகத்தின் நிலையை உய்த்துணர்தல் மருத்துவர் கடனாயிற்று. அக்குறிகளுள் சிறுநீரும் ஒன்று. இப்பொருளைக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதுதல் தகுமோ எனச் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். நோயுற்றார் நாணத்தால் வாய்மூடி இருப்பதையும், அந்நாணத்தைப் பிறர் தம் வாணிகத்திற்கு முதலாக்கிக் கொள்வதையும் நாடோறும் காண்கின்றோம். ஆதலின் பேசாதிருத்தலே தகாது என்பது எம் துணிபு.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொருள் புதிதன்று. சித்த மருத்துவ நூலோர் நோயைத் தேர்ந்தறிதற்கு நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எட்டு வாயில்களை வகுத்தனர். தேரையர் பெயரால் வழங்கும் பாக்கள், சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் ஆகியவற்றை நீர்க்குறி என்றும், அந்நீரின்மேல் இட்ட ஒரு துளி நல்லெண்ணெய் பரவும் வகையை நெய்க்குறி என்றும் பிரித்துரைக்கும். துளி அரவென நீண்டால் வாதம், ஆழியென வட்டமிட்டால் பித்தம், முத்தென நின்றால் கபம் என்பது அவர் கொள்கை. இதனை இன்றைய ஆய்வுக்கூடம் முற்றும் நிலைநாட்டிவிட்டது என யாம் கூறோம். எனினும், முதல்நாள் அளவறிந்து காலத்தே உண்டவனிடம் விடியலிற் பெற்ற நீரையே நோக்குக என விதித்தமையும், எட்டனுள் ஒன்றாகவே அதனை வைத்தமையும் போற்றத்தக்கன.

மேனாட்டார் கண்ட குறி வேறு. நாம் உண்ணும் பருப்பு, பால், ஊன் முதலியவற்றின் புரதத்தில் டிரிப்டோபான் என்னும் கூறு உளது. செரியாது எஞ்சிய அக்கூற்றைக் குடலில் உறையும் நுண்ணுயிர்கள் சில சிதைத்து இண்டோல் ஆக்குகின்றன. அது குருதி வழியே கல்லீரலை அடைந்து, ஆண்டு உருமாறி, இண்டிகன் என்னும் பெயரோடு சிறுநீரில் வெளிப்படுகின்றது. அந்நீரில் ஐதரோகுளோரிக் அமிலமும் இரும்புக் குளோரைடும் சேர்த்துக் குளோரோபாரத்துடன் குலுக்கினால் நீலம் தோன்றும். அவுரிச் செடியினின்று எடுத்து நூலுக்கு ஊட்டிய அதே நீலம் அது. தறியொலி கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டார்க்கு இஃது இறும்பூது பயப்பதன்றோ!

நீலம் மிகுந்தால் குடலில் அழுகல் மிகுந்தது; அழுகல் மிகுந்தால் உடலெங்கும் நஞ்சு பரவியது என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பலர் கருதினர். 1908இல் நோபெல் பரிசு பெற்ற மெச்னிகாப், பெருங்குடலை நச்சுக்களம் என எண்ணிப் புளித்த பாலைப் பரிந்துரைத்தார். இலண்டனில் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கலுற்றார் சிலரின் பெருங்குடலையே அறுத்தெடுத்தார். 1919இல் அமெரிக்க மருத்துவர் ஆல்வரெஸ், மலம் கழிந்த அக்கணமே தலைநோவு நீங்குமாயின் அது குருதியிற் கலந்த நஞ்சின் செயலாதல் யாங்ஙனம் என வாதித்தார். 1922இல் டானல்ட்சன் என்பார், மலக்குடலில் பஞ்சை வைத்தே அத்தகைய வருத்தங்களை எழச் செய்து காட்டினார். பஞ்சில் நஞ்சு ஏது? கொள்கை தளர்ந்தது.

இண்டிகன் பொய்க்குறி என்பது எம் கருத்தன்று. ஊன் மிக உண்டாலும், மலம் சிக்கினாலும், குடல் அடைபட்டாலும் அது மிகும். சிறுநீரகம் கெட்டால் நீரிற் குறைந்து குருதியில் தேங்கும். காரணம் பல, நீலம் ஒன்று. ஒரு குறியைக் கொண்டே நோயைப் பெயரிடுதல், ஒரு சொல்லைக் கொண்டே பாட்டுக்குப் பொருளுரைத்தலை ஒக்கும்.

ஆயினும் அவ்வாறு உரைப்பார் இன்றும் உளர். எம் ஊராகிய சூலூரில் விசைத்தறியிற் பிழைக்கும் குடும்பம் ஒன்று, மெலிந்து வெளிறிய தம் பெண்மகவுக்குக் குடல் நுண்ணுயிர்ச் சமநிலை அறியும் சிறுநீர்ச் சோதனை என ஒருவர் கூறக்கேட்டு, அரைமாத ஊதியத்தைச் செலவிட்டது. பாலும் பருப்பும் விலக்கப்பட்டன. குழந்தை மேலும் மெலிந்தது. பின்னர் அரசு மருத்துவமனையில் மலத்தை நோக்கியபோது கொக்கிப்புழுவே காரணம் எனத் தெரிந்தது. அதற்குரிய அல்பெண்டசோல் மாத்திரையோ, 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் விலையின்றி வழங்கப்படுவது. 'சோதித்துப் பார்ப்பதில் இழப்பென்ன?' என வினவுவார்க்கு அக்குழந்தை இழந்த மாதங்களே விடை.

குறியை முறையாகக் கையாண்டாரும் நம் நாட்டில் உளர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் முதலியோர், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிற் பரவிய ஸ்புரு என்னும் கழிச்சல் நோயை ஆய்ந்தனர். சைலோசு என்னும் சர்க்கரையை அளந்து பருகச் செய்து, ஐந்து மணி நேரத்துச் சிறுநீரில் அஃது எவ்வளவு வெளிப்படுகின்றது எனக் காணுதல் அவர் கையாண்ட சோதனைகளுள் ஒன்று. வெளிப்படுவது குறைந்தால் சிறுகுடல் சரிவர உறிஞ்சவில்லை என்றோ, ஆண்டுப் பெருகிய நுண்ணுயிர்கள் அதனை உண்டன என்றோ ஐயுறலாம். அவர் அதனோடு நில்லாது, மலத்திற் கழியும் கொழுப்பையும் அளந்தனர். குடலின் உட்சுவரையும் நுண்ணோக்கியிற் கண்டனர். நோயற்றவராய்த் தோன்றிய சிற்றூரார் பலரின் குடலும் குறைபடவே உறிஞ்சுவதை அவ்வாய்வு வெளிப்படுத்திற்று. இத்தகு குறைபாட்டிற்கு மலத்தால் மாசுற்ற நீரும் சூழலும் பெருங்காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஆகவே அக்குறி சுட்டுவது மருந்துக்கடையை அன்று. கிணற்றையும் குளத்தையும் கழிப்பிடத்தையுமே. நொய்யல் நீரை ஏற்கும் குளங்களின் கரையில் வாழும் எம்மனோர் இதனை உன்னுதல் வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு ஈண்டு ஒரு கடமை உண்டு. நீர்க்குறி என்னும் அழகிய சொல் நம்மிடம் உள்ளது. இன்று அறிந்தனவற்றை அச்சொல்லின்கீழ் எளிய தமிழில் எழுதித் தறிக்குடிலிலும் களத்துமேட்டிலும் சேர்ப்பிப்போமாக. எண்வாயில் வகுத்த மரபின் வழிவந்த நாம், ஒரு வாயிலைக் காட்டி விலை கூறுவாரிடம் ஏனை ஏழும் எங்கே என வினவும் துணிவை நம் மக்கட்கு அளிப்பது, அம்மரபிற்குச் செய்யும் மெய்யான வழிபாடாம்.