விலை ஏறியது எந்த ஆராய்ச்சிக்காக?

புற்றுநோய் மருந்து ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால் மருந்து நிறுவனங்களிடம் ஒரே பதில்தான்: ஆராய்ச்சிச் செலவு! 'க்ளீவெக்' என்ற பெயரில் நோவார்டிஸ் விற்ற இமாட்டினிப் மாத்திரையின் கதை அந்தப் பதிலைச் சந்தி சிரிக்க வைக்கிறது.

ஒருவகை ரத்தப் புற்றுநோயின் அடையாளமான பிலடெல்பியா குரோமோசோமை 1960-ல் கண்டறிந்தவர்கள் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள். எந்த மருந்து நிறுவனமும் அல்ல. இமாட்டினிப்பை உருவாக்கியது நிறுவனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது இந்த நோய்க்கு உதவும் என்று விடாப்பிடியாக நின்று, 1998-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் ஓரிகன் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பிரையன் ட்ரூக்கர். விளைவு தெரியாமலே அந்த மாத்திரையை விழுங்கியவர்கள் நோயாளிகள்.

2001-ல் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் ஓர் ஆண்டுக்கான விலை சுமார் 30,000 டாலர். 2012-ல் 92,000! மாத்திரை அதே மாத்திரை. முடிந்துபோன ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் செலவு கூடுமா என்ன? 2013-ல் ட்ரூக்கர் உட்பட நூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இந்த விலைகளைக் கண்டித்து எழுதினார்கள்.

கண்டனம் மட்டும் போதாது. தங்கள் மருத்துவர்களையும் நோயாளிகளையும் சோதனைக்குத் தரும் பல்கலைக்கழக மருத்துவமனைகள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே விலைக்கு வரம்பு கேட்க வேண்டும். உயிரைப் பணயம் வைத்தவனுக்கே எட்டாத மருந்து யாருக்காக?