கடைகள் மூடப்படும் வரை காத்திருக்க இயலாதவர்கள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மாண்டவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை அரசு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று விடுதலைச் சிறுத்தைகள் கட்சி உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாட்டை நடத்தியது. மதுவிலக்குக் கோரிக்கையை நாம் ஆதரிக்கிறோம். ஆயினும், செட்டிநாட்டின் வலையபட்டி போன்றதோர் ஊரில் நாளைக் காலை குடியை நிறுத்த விரும்பும் கூலித் தொழிலாளி எங்கே செல்வார் என்ற கேள்வி இவ்விவாதங்களில் எழுப்பப்படவே இல்லை.

2003 நவம்பர் முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் அதன் வழியே அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். மறுபுறம், மது சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். அதன் 18-ஆம் பிரிவு அரசுச் சிகிச்சையை உரிமையாக்குகிறது. ஆகவே குடிநோயாளர் கேட்பது சலுகை அன்று, உரிமை.

மருத்துவமனையில் தொடங்கும் மீட்சி, வீடு திரும்பிய பின்னரே உண்மையான சோதனையைச் சந்திக்கிறது. அங்குதான் ஆதரவுக் குழுக்கள் தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 1935-இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை. குடியிலிருந்து மீண்டவரே மீள நினைப்பவருக்குத் துணை நிற்கிறார். திறந்த கூட்டங்களில் எவரும் அமரலாம். மூடிய கூட்டங்கள் குடிநோயாளர்களுக்கு மட்டுமே. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்னும் தனி அமைப்பு உண்டு. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு ஏ.ஏ. வழிமுறைகள் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகின்றன என்றது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். முதல் சில நாள்கள் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அன்று, அதன் தொடர்ச்சி.

இந்த எளிய ஏற்பாடு சேரியை எட்டுவதில் சாதி எப்படிக் குறுக்கே நிற்கிறது? ஏ.ஏ. கூட்டத்தில் முதற்பெயர் போதும். நம் நாட்டிலோ பெயரைச் சொன்னதும் அடுத்து வரும் கேள்வி, ‘எந்த ஊர், எந்தத் தெரு?’ என்பதே. அக்கேள்வி எதை அறிவதற்கானது என்பதை நாம் அறிவோம். அது எழாத அறை, நமக்குக் குடியிலிருந்து மட்டுமன்றி வேறொன்றிலிருந்தும் விடுதலை தரும் அறை. அந்த அறை யாருடைய தெருவில் இருக்கிறது என்பதும் முக்கியம். நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகும் தேர்வடம் பிடிக்கும் உரிமை தலித்துகளுக்குப் பல்லாண்டு மறுக்கப்பட்ட கண்டதேவி, சிவகங்கை மாவட்டத்தில்தான் உள்ளது. ஊர்த்தெருவில் நடக்கும் கூட்டத்துக்குத் தயங்காமல் வாருங்கள் என்று சேரியில் வாழ்பவரிடம் சொல்லிவிட்டால் அழைப்பு முழுமையாகிவிடாது. சேரியிலேயே நடத்தினால் அங்கே அனைவரும் அனைவரையும் அறிவர். பெயர் மறைப்பு இயலாது. நகரத்துக்குச் சென்றால் மாலைக் கூலி வேலையும் கடைசிப் பேருந்தும் தடையாகின்றன.

வழியே இல்லை என்பதில்லை. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியிலும் பிற கிராமங்களிலும் ஊர்மக்களின் துணையோடு சிகிச்சை முகாம்களை நடத்தியது. நோயாளரை நகரத்துக்கு இழுக்காமல் மருத்துவமே கிராமத்துக்குச் சென்றது. முகாம் முடிந்த பின்னும் தொடர் கவனிப்பு இருந்தது.

ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் வரும் கடவுள் பற்றிய பேச்சு பகுத்தறிவாளர்களுக்கும் பௌத்தர்களுக்கும் உறுத்தலாம். அவரவர் புரிந்துகொண்டவாறு எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படிகளே இடம் தருகின்றன. நமக்கோ வேறொரு மரபும் இருக்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்கு வழங்கிய 22 உறுதிமொழிகளில் மது அருந்தாமையும் ஒன்று. அது குடிப்பவரை இழிவுபடுத்தும் ஒழுக்கப் போதனை அன்று, தன்மதிப்பின் அறிவிப்பு. ‘குடித்தே கெட்டார்கள்’ என்று நம் மக்களை நோக்கி வீசப்படும் பழியை ஏற்காமலேயே, குடிநோயை நோயென்று ஏற்கும் துணிவு நமக்கு வேண்டும்.

எனவே இயக்கத் தோழர்களும் மாணவர்களும் செய்யத்தக்கவை சில. 14446 என்னும் கட்டணமில்லா அரசு உதவி எண்ணை ஒவ்வொரு தெருவிலும் எழுதி வைக்கலாம். அருகிலுள்ள நகரில் கூட்டம் எங்கே, எப்போது நடக்கிறது என்பதைக் கேட்டறிந்து, முதல் நாள் உடன் செல்லலாம். கூட்டம் இல்லாத இடங்களில் நூலகத்தையோ ஊராட்சிக் கட்டடத்தையோ மாலையில் திறந்துவிடுமாறு மனுக் கொடுக்கலாம். தாலுகா மருத்துவமனைகளில் குடிநோய்க்குப் படுக்கைகள் ஒதுக்கவும், வீடு திரும்புவோரை ஆதரவுக் குழுக்களோடு இணைக்கவும் மாவட்ட ஆட்சியரிடம் கோரலாம். மீண்டும் குடித்துவிட்ட தோழரைக் கேலி செய்யாமல் மறுவாரமும் அழைத்துச் செல்ல வேண்டும்.

கடைகளை மூடச் சொல்லும் போராட்டம் தொடரட்டும். அது வெல்லும் நாள் வரை நம் மக்கள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குத் தேவை வாரம் ஒரு மாலை, சில நாற்காலிகள், எல்லோருக்கும் ஒரே வகைக் குவளையில் தேநீர்.