விளையாட்டு உலகத்துக்குச் சட்டம் எழுதியது யார்?

பள்ளிக்கூடத்திலும், பட்டாளத்திலும், விமானப் பயிற்சியிலும் கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனை உலகத்தை உண்டாக்கி, அதில் விளையாடவிட்டுப் பாடம் கற்பிக்கும் முறை இன்று பரவியிருக்கிறது. நாம் இம்முறையைக் குறைகூற வரவில்லை. உருப்போட்டு ஒப்புவிப்பதைவிட இது எவ்வளவோ மேலானதேயாகும். ஆனால் "நிஜம் போலவே இருக்கிறது" என்று மெச்சுகிறார்களே, அந்த நிஜம் எதில் இருக்கிறது என்பதுதான் நமது கேள்வி.

அநேகர் அது படத்தில் இருப்பதாக நினைக்கின்றார்கள். அப்படியல்ல என்பதற்கு அமெரிக்காவில் 1929-ல் எட்வின் லிங்க் என்பவர் செய்த பயிற்சிப் பெட்டியே சாட்சி. அவர் தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். மகன் அந்த ஆர்கனின் துருத்திகளைக் கொண்டே, தரையைவிட்டுக் கிளம்பாத ஒரு குட்டி விமானத்தை ஆட்டிவைத்தார். மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு வானமும் தெரியாது, பூமியும் தெரியாது. முள் காட்டும் கருவிகள் மாத்திரமே தெரியும். வெகுபேர் அதை வேடிக்கைச் சாமானாகவே எண்ணினார்கள். 1934-ல் ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோக ஏவப்பட்டு, கெட்ட வானிலையில் பலர் மாண்ட பிறகுதான் அமெரிக்க ராணுவம் 6 பெட்டிகளை வாங்கிற்று. பிடியை இப்படித் திருப்பினால் முள் இப்படி நகரும் என்கின்ற கணக்கு அதில் மெய்யாயிருந்தது, அவ்வளவுதான். பொய்யாயிருந்தால் ஆகாயமே காட்டிக்கொடுத்திருக்கும்.

இனி, 1989-ல் வில் ரைட் வெளியிட்ட சிம்சிட்டியைப் பாருங்கள். ஆடுகிறவர்தான் நகரத்துக்கு மேயர். போலீஸ் ஸ்டேஷன் வைத்தால் குற்றம் குறையும். வரியை ஏற்றினால் குடிகள் போய்விடுவார்கள். ரைட்டுக்குத் தூண்டுதலாயிருந்தவற்றில் ஒன்று ஜே ஃபாரஸ்டர் 1969-ல் நகரங்களைப் பற்றி எழுதிய நூல். ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டிக்கொடுப்பது நகரத்துக்கே கேடாக முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய நூல் அது!

இவ்விளையாட்டை ஆடிய ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, வரியை உயர்த்தினால் எப்பொழுதும் கலகம் வரும் என்பதைத் தான் கற்ற விதிகளில் ஒன்றாகச் சொன்னதைப் பேராசிரியை ஷெர்ரி டர்க்கிள் 1990-களில் எழுதினார். எந்த ஊரில், எந்த வருஷத்தில் வந்தது என்று அப்பெண் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? கணக்கு பெட்டிக்குள் அல்லவா பூட்டிக்கிடக்கிறது! (எழுதினவன் பேரை மறைத்து, "இதுதான் இயற்கை" என்று சொல்லும் தந்திரம் நமக்குப் புதிதல்ல.) விமானக் கணக்கு தப்பினால் அன்றைக்கே தெரிந்துவிடும். நகரக் கணக்கு தப்பினால், அதை நம்பி வளர்ந்த பிள்ளை ஓட்டுப் போடும்போதும், உத்தியோகத்தில் உட்கார்ந்து ஏழைக்கு வீடு வேண்டாம் என்று கையெழுத்துப் போடும்போதும்கூடத் தெரியாது.

ஆகவே, இத்தகைய விளையாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவருகின்றவர்கள் அதன் கணக்கையும் பிள்ளைகள் முன் திறந்து வைக்க வேண்டும் என்கிறோம். வரிப்பணத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெருகினால் குடிகள் ஓடுவார்களா, வருவார்களா என்று அவர்களே விதியை மாற்றி எழுதி இன்னொரு தரம் ஆடிப் பார்க்கட்டுமே.