பந்தின் மேல் இரண்டு எறும்புகள்



"கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கதைப் புத்தகத்தில் மூழ்கிக் கிடக்கிறான்" என்று பிள்ளைகளைக் குறை கூறும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் உளர். கதை பொழுதுபோக்கிற்கு, வடிவகணிதம் மதிப்பெண்ணுக்கு என்று நாம் இரண்டையும் இரு வேறு அறைகளில் பூட்டி வைத்துவிட்டோம். ஆயினும், கடந்த இருநூறு ஆண்டுகளில் மனித அறிவு கண்ட மாபெரும் உண்மைகள் சிலவற்றின் வாசலில் நின்றது, "இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்கும் குழந்தையின் விளையாட்டுக் கேள்வியே. இத்திங்கள் அதனைச் சற்றே சிந்திப்போம்.

சவ்வாது மலையில், ஆலங்காயத்திற்கு அப்பால், சாமை விளையும் கொல்லைகளுக்கும் காடுகளுக்கும் நடுவே காவலூர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், நகர விளக்கொளி தீண்டாத இடமொன்றை டாக்டர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்து, 1960-களின் இறுதியில் அங்கு வான் ஆய்வைத் தொடங்கினார். இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் அந்த வானாய்வுக்கூடம், நாம் சொல்லப் போகும் கதைக்கு நல்லதொரு சாட்சி.

முதலில் ஒரு குருவானவரின் வரலாறு. பள்ளியில் நாம் பயிலும் வடிவகணிதம் கிரேக்க அறிஞர் யூக்ளிட் வகுத்தது. ஒரு நேர்கோட்டிற்கு வெளியே உள்ள ஒரு புள்ளியின் வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்பது அதன் அடித்தளக் கற்களில் ஒன்று. இதற்கு நிரூபணம் உண்டா என்று நூற்றாண்டுக் கணக்கில் அறிஞர் தேடினர். இத்தாலி நாட்டுச் சேசு சபைக் குருவான ஜிரோலமோ சாக்கேரி புதியதொரு வழியில் முயன்றார். அது பொய் என்று வைத்துக்கொண்டு மேலே மேலே தர்க்கம் செய்தால் எங்கேனும் முரண்பாடு வெளிப்படும், அதுவே நிரூபணமாகும் என்பது அவர் எண்ணம். படிப்படியாகச் சென்றார். விசித்திரமான முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உண்மையான முரண்பாடோ வரவில்லை. இறுதியில், இம்முடிவுகள் நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாதவை என்று தள்ளிவிட்டு, 1733-ல் நூலை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே காலமானார்.

பாருங்கள்! புதியதொரு வடிவகணிதத்தின் கதவருகே முதலில் வந்து நின்றவர்களுள் அவர் ஒருவர். அவரிடம் தர்க்கத்திற்குக் குறைவில்லை, பொறுமைக்கும் குறைவில்லை. "அப்படியும் ஓர் உலகம் இருக்கலாமே" என்று கதை புனையும் துணிவு ஒன்றுதான் அவரைவிட்டு விலகி நின்றது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் ருசியாவின் லொபாசெவ்ஸ்கியும் அங்கேரியின் போல்யாயியும் அத்துணிவுடன் உள்ளே நுழைந்தனர். 1854-ல் செருமானியப் போதகர் ஒருவரின் மகனான ரீமான், இடம் என்பதே வளைந்திருக்கலாம் என்று கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார்.

வளைந்த இடமா? அஞ்ச வேண்டாம். வீட்டில் ஒரு ரப்பர் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு வரையுங்கள். அக்கோட்டில் சாண் இடைவெளியில் இரண்டு எறும்புகள் நிற்பதாகப் பாவியுங்கள். இரண்டும் கோட்டிற்குச் செங்குத்தாக, இடமும் வலமும் திரும்பாமல், நேர் மேலே நடக்கின்றன. புறப்படும்போது அவற்றின் பாதைகள் இணையானவை. ஆனால் நடக்க நடக்க நெருங்குகின்றன, உச்சியில் முட்டிக்கொள்கின்றன!

"நீதான் வழி தவறி என்மேல் வந்து மோதினாய்" என்றது மூத்த எறும்பு.

"இல்லை அண்ணா, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நம் இருவரையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்தது" என்றது இளையது.

அவ்வழியே வந்த கிழ எறும்பு நகைத்தது. "குழந்தைகளே, ஒருவரும் தவறவில்லை; எதுவும் இழுக்கவுமில்லை. நீங்கள் நடந்த நிலமே வளைந்தது. ஐயமிருந்தால் இதைச் செய்து பாருங்கள். உச்சியிலிருந்து இடுப்புக்கோடு வரை நேரே இறங்குங்கள். கோட்டின் வழியே பந்தின் சுற்றளவில் கால் பங்கு நடங்கள். மறுபடி நேரே உச்சிக்கு ஏறுங்கள். அந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் செங்கோணங்கள். கூட்டினால் 270 பாகை! 180 பாகை என்று மனப்பாடம் செய்தவன் தட்டையான தரையைவிட்டு வெளியே வராதவன்."

இளைய எறும்பின் விடையே நியூட்டன் தந்த விடை: இழுக்கும் விசை. கிழ எறும்பின் விடையே 1915-ல் ஐன்ஸ்டைன் தந்த விடை: பொருளின் பாரத்தால் இடமும் காலமும் வளைகின்றன, கோள்கள் அவ்வளைவில் தம்மால் இயன்ற நேர்வழியில் செல்கின்றன. அவருக்குத் தேவைப்பட்ட கணிதக் கருவி, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ரீமானால் செய்யப்பட்டுக் காத்திருந்தது. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது, சூரியன் அருகே தெரிந்த விண்மீன்களின் ஒளி வளைந்து வந்ததை ஆங்கிலேயக் குழுவினர் அளந்தபோது, எறும்புக்கதை வானத்தில் எழுதப்பட்டிருப்பதை உலகம் கண்டது.

இத்தகைய பழைய கதை ஒன்று உண்டு. எட்வின் அபட் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், இலண்டனில் பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்தவர், 1884-ல் "பிளாட்லாண்டு" என்னும் சிறு நூலை வெளியிட்டார். அது தாளைப் போன்ற தட்டை நாடு; அங்கு நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. அதன் குடிமகனான ஒரு சதுரத்திடம் ஒரு நாள் கோளம் ஒன்று வருகிறது. சதுரத்தின் கண்ணுக்கோ கோளம் தெரிவதில்லை. ஒரு புள்ளி தோன்றி, வட்டமாகி, பெருத்து, சிறுத்து, மறைகிறது. அவ்வளவே!

காவலூரில் இதே நாடகம் உண்மையாக நடந்தது. 1977 மார்ச்சு 10-ஆம் நாள் இரவு, யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரின் 40 அங்குலத் தொலைநோக்கி அதனை நோக்கியிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி கணநேரம் மங்கியது பதிவாயிற்று. இந்துமாக் கடலுக்குமேல் விமானத்தில் பறந்த அமெரிக்க அறிஞரும் அத்தகைய மங்கல்கள் பலவற்றைக் கண்டனர். ஒளிக்கோட்டில் விழுந்த சில பள்ளங்கள். அவற்றிலிருந்து மனித மனம் எழுப்பிய முடிவு, யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது. வளையத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை; அதன் வெட்டுமுகம் கடந்து சென்றதை உணர்ந்தார்கள். தட்டை நாட்டுச் சதுரம் அடைய வேண்டிய ஞானம் இதுவே அன்றோ!

இன்னொரு கதைக்காரர் ஜார்ஜ் காமோ. தாமே பெரிய பௌதிக அறிஞரான இவர், டாம்கின்ஸ் என்னும் சாதாரண வங்கி எழுத்தரைக் கனவில் ஒரு விந்தை நகருக்கு அனுப்பினார். அங்கு ஒளி மிதிவண்டியின் வேகத்தை ஒட்டியே செல்லும். நாமும் அதை ஆலங்காயம் சாலையில் நடத்திப் பார்க்கலாம். மலையேறும் பேருந்தைவிட ஒளி சற்றே விரைவாகச் செல்லும் ஊர் என்று கொள்வோம். நிறுத்தத்தில் நிற்பவர் அளந்தால் ஓடும் பேருந்து நீளத்தில் குறுகியிருக்கும். நாள்தோறும் காவலூருக்கு ஏறி இறங்கும் நடத்துனர், வீட்டிலேயே இருக்கும் தம் இரட்டைப்பிறவித் தம்பியைவிட வயதில் இளையவராகிவிடுவார்! ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால்தான் இவ்விந்தை நமக்குத் தெரிவதில்லை.

வெறுங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். கைபேசியில் வழி காட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், அவற்றின் வேகத்தாலும் உயரத்தாலும், தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு நொடியின் பத்து இலட்சத்தில் சுமார் 38 பங்கு முந்துகின்றன. ஐன்ஸ்டைன் கணக்கின்படி இதைத் திருத்தாவிடில், ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். வாணியம்பாடியைத் தேடுபவர் வயற்காட்டில் போய் நிற்பார்.

நிற்க. கதைக்கும் நிரூபணத்திற்கும் உள்ள எல்லையை மறக்கலாகாது. பெல்சிய நாட்டு அருட்தந்தை ஜார்ஜ் லெமேத்தர், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து பிரபஞ்சம் விரிகின்றது என்று 1927-ல் கண்டார். 1931-ல், யாவும் ஓர் ஆதி அணுவினின்று தொடங்கின என்னும் கருத்தையும் வெளியிட்டார். எத்துணை அழகிய கற்பனை! 1951-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதனைப் படைப்புக் கோட்பாட்டிற்குத் துணையாகக் காட்டிப் பேசியபோது, லெமேத்தர் மகிழ்ந்து கொண்டாடவில்லை. விஞ்ஞானக் கருத்து விஞ்ஞானத்தாலேயே நிற்கவோ வீழவோ வேண்டும், விசுவாசம் அதன்மேல் சாய்ந்து நிற்கத் தேவையில்லை என்பதே அவர் நிலை. அவர் கருத்துக்கு வலுவூட்டிய விண்ணொலிக் கதிர்வீச்சு 1965-ல் கண்டறியப்பட்ட செய்தி, 1966-ல் அவர் கண்மூடும் முன் அவரை எட்டியது. கற்பனை செய்யும் துணிவும், சான்று வரும்வரை காத்திருக்கும் அடக்கமும் ஒரே நெஞ்சில் வாழ முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இறுதியாக, அபட்டின் கதையில் நாம் அதிகம் எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்று. கோளத்தின் தயவால் உயரம் என்பதை அறிந்த சதுரம், ஆர்வம் பொங்க, "ஐயா, அவ்வாறாயின் உமக்கும் மேலாக நான்காம் பரிமாணம் ஒன்று இருக்குமோ?" என்னும் கருத்துப்படக் கேட்கிறது. இதுகாறும் போதித்த கோளத்திற்குக் கோபம் மூண்டுவிடுகிறது! அப்படி ஒன்று இல்லை என்று அதட்டி, சீடனைத் தட்டை நாட்டிற்கே தள்ளிவிடுகிறது. தன் நாட்டவரிடம் உண்மையைச் சொன்ன சதுரமோ சிறையில் அடைபடுகிறது.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! நம் இல்லங்களில் அந்தக் கோளம் யார்? நமக்குத் தெரிந்தவரை கற்பித்துவிட்டு, பிள்ளை அதற்கு அப்பால் ஒரு கேள்வி கேட்டவுடன் "வாயை மூடிப் படி" என்கிறோமே, அப்போது நாம்தாம். மலையூர்ச் சிறுமி ஒருத்தி "வானத்துக்கு அந்தப் பக்கம் என்ன?" என்று கேட்டால், தெரியாது என்று சொல்வதில் இழுக்கில்லை, சேர்ந்து யோசிப்போம் என்பதில் பெருமை உண்டு. 1988-ல் காவலூரிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்று, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசனின் பெயரைத் தாங்கி இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது. அவரும் ஒரு காலத்தில் கேள்வி கேட்ட சிறுவன்தான்.

இன்றிரவே ஒரு பந்தும் ஒரு துண்டு நூலும் எடுத்துப் பிள்ளைகளோடு உட்காருங்கள். நூலை இழுத்துப் பிடித்து முக்கோணம் அமையுங்கள். கோணங்களை அவர்களே கூட்டட்டும். விடை 180-ஐ மீறும்போது அவர்கள் கண்களில் தோன்றும் வியப்பைப் பாருங்கள். அதன்பின் கணக்குப் புத்தகம் தானே திறக்கும்.