மின்காகிதமும் பிசின் எடுக்கும் விவசாயியும்

பார்வைக்குக் காகிதம், அச்சடித்தது போன்ற கறுப்பு எழுத்து. ஒரு கணத்தில் அந்த எழுத்து மறைந்து வேறு எழுத்து வருகிறது. மின்காகிதம் என்கிறார்கள். இதன் மை எப்படித் தயாராகிறது என்பதைத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய் போன்ற திரவத்தில் வெள்ளைத் தூளும் கறுப்புத் தூளும் கலக்கிறார்கள். வெள்ளை, டைட்டானியம் டையாக்ஸைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறதே இல்மனைட், அந்த வகைத் தாதுவிலிருந்து எடுப்பது. இரண்டு தூளுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். ஜெலட்டினும் அரபுப் பிசினும் கரைத்த வெதுவெதுப்பான நீரில் இந்த எண்ணெயை ஊற்றிக் கலக்கினால் அது சிறு துளிகளாகச் சிதறும். சிறிது அமிலம் சேர்த்துக் குளிரவைத்தால், ஜெலட்டினும் பிசினும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒவ்வொரு துளியின் மேலும் தோலாகப் படியும். தலைமயிர்ப் பருமனில் கோடிக்கணக்கான குமிழ்கள்! சலித்து, பிளாஸ்டிக் தாளில் பூசி, மின்சாரம் செலுத்தினால் வெள்ளையோ கறுப்போ மேலே வரும். எழுத்தை மாற்றத்தான் மின்சாரம். நிற்க வைக்க வேண்டாம்.

இந்த மையை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆசிரியரும் மாணவர்களும். 1997-ல் 'ஈ இங்க்' கம்பெனி பிறந்தது. 2009-ல் தைவான் முதலாளிகள் அதை வாங்கினர். ஆனால் துளிக்குத் தோல் போர்த்தும் வித்தை 1950-களிலேயே, கார்பன் இல்லாமல் நகல் விழும் தாளுக்காகக் கண்டது.

அரபுப் பிசின் உலகிலேயே அதிகம் கிடைப்பது சூடானில். நம் கருவேல மரத்தின் உறவான முள்மரம். பட்டையைக் கோடாலியால் கீறிவிட்டு, சில வாரம் கழித்துக் கட்டி கட்டியாகக் கையால் பறிக்க வேண்டும். அதே 1997-ல் அமெரிக்க சர்க்கார் சூடான்மீது வர்த்தகத் தடை விதித்தது. பிசினுக்கு மட்டும் வழி திறந்து வைத்தது! குளிர்பான, மிட்டாய் முதலாளிகளுக்கு அது இல்லாமல் முடியாதே. 2023 ஏப்ரலில் மூண்ட யுத்தம் பிசின் விளையும் கொர்டோபானையும் சூறையாடியது.

இனி, இந்த மை யாருக்கு வேலை செய்கிறது? கடை அலமாரிகளின் மின்னணு விலைச்சீட்டுகளில் பெரும்பாலும் மின்காகிதமே. 2026-க்குள் 2,300 கடைகளில் மின்னணுச் சீட்டு வைப்பதாக வால்மார்ட் 2024-ல் அறிவித்தது. சிப்பந்திக்கு இரண்டு நாள் பிடித்த விலை மாற்றும் வேலை சில நிமிஷங்களில் முடியுமாம். அந்த இரண்டு நாள் சிப்பந்திக்கு ஓய்வாகக் கிடைக்குமா, ஆட்குறைப்பாக வருமா? இதைப் பற்றிக் கம்பெனிகளின் பேச்சை நம்புவதற்கில்லை. யந்திரம் வந்தபோதெல்லாம் ஆலைத் தொழிலாளி பட்டது நமக்குத் தெரியும்.

விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை. சீட்டு மாட்டும் முன்பே, ஆட்குறைப்பு இல்லை, சம்பள வெட்டு இல்லை என்று கடைச் சிப்பந்திகளின் சங்கங்கள் எழுத்தில் ஒப்பந்தம் கோர வேண்டும்.