கடற்கரையில் பாடம்... யாருக்கு?

என்.எஸ்.எஸ்.ஸில் மணிக்கணக்கு காட்ட வேண்டும், அதற்காகத்தான் போனேன். முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன், அப்புறம் யாரும் திட்டக்கூடாது :-)

ஈசிஆரில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு மீனவர் குப்பம். ஒரு பக்கம் ஃபைபர் படகுகள், இன்னொரு பக்கம் வரிசையாக ரிசார்ட்டுகள். ஒரு சனிக்கிழமை காலை பதினைந்து பேர் பஸ் பிடித்துப் போய், அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் கடலைக் காப்பது பற்றி வகுப்பு எடுத்தோம். சார்ட், ஆமை முகமூடி, வினாடி வினா, பரிசுக்கு பென்சில் எல்லாம் உண்டு. (பென்சில்கள் பிளாஸ்டிக் கவரில் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.)

பங்குனி ஆமையைப் பற்றிச் சொல்வது என் வேலை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ராத்திரியில் கரையேறும். ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். மணலை விட்டு வெளியே வந்த குஞ்சு வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்து ஓடும். இயற்கையில் அது கடல் பக்கம்தான். கரையில் விளக்கு எரிந்தால் திசை மாறி ரோட்டுப் பக்கம் போய்ச் செத்துவிடும். எல்லாம் மனப்பாடம். சொல்லி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அண்ணா, எங்க வூட்ல ராத்திரி ஒரு பல்புதான் எரியும். அந்த ஓட்டல்ல விடிய விடிய ஃபோகஸ் லைட் எரியுது. அவங்க கிட்ட சொல்லிட்டீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த சார்ட்டைப் பிரித்தேன்.

அன்றிலிருந்து உறுத்துகிறது. சுற்றுலா வரும் கடற்கரை ஊரில் சுற்றுச்சூழல் பாடம் என்றாலே நாம் ஏன் நேராக அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் போகிறோம்? அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். ஹெச்.எம்.மிடம் ஒரு லெட்டர் கொடுத்தால் போதும். பாதியில் எழுந்து போக மாட்டார்கள். ஃபோட்டோவும் நன்றாக வரும். சாயங்காலம் காரில் வந்து இறங்கி, பாட்டிலை மணலில் புதைத்துவிட்டுப் போகிறவருக்குப் பாடம் எடுக்கத்தான் தைரியம் வேண்டும். அவர் பெரும்பாலும் நம்ம வீட்டு மாமா, சித்தப்பா. ஏன், நாமே கூட.

"சின்ன வயசுல சொன்னாதான்டா மனசுல நிக்கும்" என்கிறான் கூட வந்த நண்பன். வகுப்பே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளுக்குப் பெயர் சொல்லி, எந்தக் காற்றுக்குச் சொறி கரை ஒதுங்கும் என்று எனக்கே விளக்கிய பையனுக்கு நான் 'கடல் நம் நண்பன்' என்று சொல்லிக் கொடுத்ததை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மீன்பிடியால் ஆமை சாவதே இல்லை என்று மறைக்கவும் வேண்டாம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. கரைக்குப் பக்கத்தில் வந்த விசைப்படகுகளின் இழுவலைதான் காரணம் என்றார்கள். ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி, வலைக்குள் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். அந்தப் பேச்சை விசைப்படகு முதலாளிகளிடம் பேச வேண்டும். ஏழாம் வகுப்பில் பேசி என்ன ஆகப்போகிறது?

வகுப்பு முடிந்து கரையில் மீன் வறுத்து விற்கும் அக்காவிடம் போய், தெர்மாகோல் தட்டுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை என்று எங்களில் ஒருவன் ஆரம்பித்தான். அவர் அடுப்பிலிருந்து தலை நிமிராமலே, "எலைல கொடுத்தா காசு கூட ஆவும் தம்பி. ரெண்டு ரூபா சேத்து கேட்டா வரவங்க சண்டைக்கு நிக்கிறாங்க. நீ அவங்களாண்ட போய் சொல்லு" என்றார். அந்தப் பிள்ளையும் இந்த அக்காவும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

யோசித்தால் இது புதுசும் இல்லை. சென்னையில் 1988-லிருந்து கல்லூரி மாணவர்கள் ஆமை முட்டைகளைத் தேடிக் கரையோரம் ராத்திரி முழுக்க நடக்கிறார்கள். சீசனில் வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப் போகிறார்கள். அங்கே கால் வலிக்க நடந்து பாடம் கேட்பது நகரத்து ஆள். 2021-ல் கோவளத்துக்கு நீலக்கொடி கிடைத்ததே, அதன் விதிகளிலும் சுற்றுச்சூழல் கல்வி ஒரு நிபந்தனை. கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு என்றே சொல்லியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மூன்றே பேர் போனோம். (மணிக்கணக்கில் சேராது என்று தெரிந்ததும் பன்னிரண்டு பேருக்கு வேலை வந்துவிட்டது.) ஆமை சீசன் முடியும் வரை கடல் பக்க விளக்குகளை ராத்திரி பத்து மணிக்கு மேல் அணைக்கச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் எழுதி, நாலு ரிசார்ட்டுக்குக் கொண்டு போனோம். இரண்டு இடத்தில் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. ஒரு இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாலாவதில் மேனேஜர் வெளியே வந்து, ஆமை எந்தப் பக்கம் ஏறும் என்று கேட்டுவிட்டு, "கெஸ்ட் கம்ப்ளைன்ட் பண்ணா திரும்பப் போட்டுடுவேன்" என்ற நிபந்தனையோடு இரண்டு ஃபோகஸ் லைட்டை அணைத்தார். மொத்தம் ஏழு இருந்தது.

அந்தப் பெண் கேட்டால் சொல்ல இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: ரெண்டு. மீதி ஐந்துக்கு வருகிற சனிக்கிழமை சாயங்காலம் போகிறோம். வருகிறவர்கள் சொல்லுங்கள், சர்டிஃபிகேட் கிடையாது.