மறு கன்னம்

பைபிளை ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்களுக்கும் அதில் ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒரு கன்னத்தில் அடி விழுந்தால் இன்னொன்றைக் காட்ட வேண்டும். டீக்கடை முதல் மேடைப் பேச்சு வரை இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கவனித்ததில், சொல்கிறவர் பெரும்பாலும் அடி வாங்கியவர் இல்லை. அடித்தவர், அல்லது அடித்தவருக்கு வேண்டியவர், அல்லது பக்கத்து அறையில் உட்கார்ந்து 'சத்தம் சீக்கிரம் அடங்கினால் டி.வி. பார்க்கலாமே' என்று காத்திருப்பவர்.

சரி, அதைச் சொன்னவரையே ஒரு சமயம் கன்னத்தில் அறைந்திருக்கிறார்கள். அப்போது அவர் என்ன செய்தார்?

யோவான் எழுதிய சுவிசேஷம், 18-ஆம் அதிகாரம். இயேசுவைக் கைது செய்து, பிரதான ஆசாரியர் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். விசாரணை. அவர் சொன்ன பதில் அங்கே நின்ற சேவகன் ஒருவனுக்குப் பிடிக்கவில்லை. பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று ஒரு அறை விட்டான். இயேசு மறு கன்னத்தைக் காட்டவில்லை. திருப்பி அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. பேசியதில் தப்பு இருந்தால் எது தப்பு என்று சொல்லு, இல்லையென்றால் எதற்கு அடித்தாய் என்று நேராகக் கேட்டார்.

மறு கன்னத்துக்கு அவரே எழுதிய உரை இது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சமாசாரம். மத்தேயு அந்த இடத்தில் வெறும் கன்னம் என்று எழுதவில்லை, வலது கன்னம் என்று எழுதியிருக்கிறார். வால்டர் விங்க் என்று ஒரு அமெரிக்க இறையியலாளர் (2012-ல் காலமானார்) இதைப் பிடித்துக்கொண்டார். எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் உங்கள் வலது கையால் அடிக்க வேண்டுமென்றால் புறங்கையால்தான் முடியும். (காற்றில் வீசிப் பாருங்கள். பக்கத்து சீட்காரரை வைத்துப் பரிசோதிக்க வேண்டாம்.) புறங்கை அடி என்பது எஜமான் அடிமைக்குக் கொடுப்பது. வலியைவிட அவமானம் அதிகம். இடது கன்னத்தைக் காட்டினால் புறங்கை எடுபடாது. 'அடிப்பதானால் சமமானவனை அடிப்பதுபோல் அடி' என்கிறதாம் அந்தக் கன்னம். எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறு கன்னம் என்பது சும்மா சுருண்டு படுப்பது இல்லை என்பதற்கு விங்க் தேவையில்லை, யோவானே போதும்.

நம் ஆபீஸ்களில் சமாதானத்துக்கு ஒரு அகராதி இருக்கிறது. 'எதுக்கு சார் வம்பு' என்றால் சமாதானம். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் தலையில் கட்டுவார், கட்டப்பட்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுப்பார். 'பாத்தீங்களா, எங்க செக்ஷன்ல சண்டையே கிடையாது!' சண்டை கிடையாதுதான். அல்சர் உண்டு.

மலைப் பிரசங்கத்தில் பாராட்டப்படுகிறவர்கள் சமாதானம் 'பண்ணுகிறவர்கள்'. பண்ணுவது என்றால் வேலை இருக்கிறது. பவுல் ரோமாபுரிக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில், 12-ஆம் அதிகாரத்தில், எல்லோருடனும் சமாதானமாக இருக்கச் சொல்லும்போது இரண்டு நிபந்தனை போடுகிறார். ஒன்று, முடியுமானால். அதாவது முடியாமலும் போகலாம். இரண்டு, உன் பக்கத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. எதிராளியின் பக்கத்துக்கு நீ ஜவாப்தாரி இல்லை. இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போடவில்லை. வாக்கியத்தின் தலையிலேயே இருக்கிறது. நாம்தான் அதை விழுங்கிவிட்டு மிச்சத்தைப் படிக்கிறோம்.

இதற்கெல்லாம் இப்போது என்ன அவசரம் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர். ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். அவருக்கு ஒரு அண்ணன். அண்ணனுக்கு வருஷத்துக்கு ஒரு பிஸினஸ். ஒன்று விழுந்ததும் அடுத்தது. விழுந்ததற்கெல்லாம் தம்பி பணம் கட்டினார். முதல் தடவை சேமிப்பு போயிற்று, இரண்டாம் தடவை மனைவியின் வளையல் பேங்குக்குப் போயிற்று. மூன்றாவதாக அண்ணன் பணம் கேட்கவில்லை. ஒரே ஒரு கையெழுத்து. கடனுக்கு ஜாமீன்.

தயங்கினார். உடனே ஊரிலிருந்து அம்மா போனில் வந்தார்.

"ஏய்யா, கூடப் பொறந்தவன்லாய்யா? ஏழெழுபது தடவை மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காருல்லா? நீ மூணு தடவைக்கே கணக்குப் பாக்குதியே!"

இவர் அக்கவுன்ட்ஸ் ஆள். ஏழெழுபது 490 என்று போட்டுப் பார்த்தார். 490 தடவை மன்னிக்கலாம். 490 தடவை ஜாமீன் போட முடியாது. இரண்டும் வேறு வேறு என்று சொல்ல வாய் வரவில்லை. "சொன்னா, இவனெல்லாம் என்ன கிறிஸ்தவன்னு கேப்பாங்க சார்" என்றார். ராத்திரி தூக்கம் போய்விட்டது. மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். அண்ணனைத் துரத்திக் களைத்த பிறகுதான் தம்பியிடம் வர வேண்டும் என்று இல்லை. ஜாமீன் என்பது நல்லெண்ணச் சான்றிதழ் அல்ல, கடன்.

வேதம் என்ன சொல்கிறது? அம்மாவின் அதே வேதத்தில் நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரம், ஜாமீன் போடுகிறவனைப் பார்த்து, கட்ட வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையே உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எச்சரிக்கிறது. ஆறாம் அதிகாரம் இன்னும் கடுமை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், தூங்காமல் போய்க் கெஞ்சி, வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோலத் தப்பிவிடு என்கிறது. எழுதியவருக்கும் ஒரு மச்சான் இருந்திருக்க வேண்டும்.

'அப்படியென்றால் கூடப் பிறந்தவனுக்கு உதவவே கூடாதா?' நியாயமான கேள்வி. 1992-ல் ஹென்றி க்ளவுட், ஜான் டவுன்செண்ட் என்ற இரண்டு கிறிஸ்தவ மனோதத்துவ நிபுணர்கள் 'பவுண்டரீஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். உறவுகளில் எது என் பொறுப்பு, எது உன் பொறுப்பு என்று வேலி போடுவது பற்றி. அதில் கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். அங்கே பவுல், ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள் என்கிறார். மூன்று வசனம் தள்ளி, அவனவன் சுமையை அவனவனே சுமக்கட்டும் என்கிறார். முன்னுக்குப் பின் முரணா? இல்லை. கிரேக்க மூலத்தில் இரண்டும் வேறு வேறு வார்த்தைகள். முதலாவது ஆளை அமுக்குகிற பாரம், பாறாங்கல். அதற்கு நாலு பேர் கை கொடுக்க வேண்டும். இரண்டாவது தினசரி மூட்டை, முதுகுப் பை. அது அவரவருக்கு.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அது பாறாங்கல். ஓடிப்போய்க் கட்ட வேண்டும். அண்ணனுடைய நாலாவது பிஸினஸ் முதுகுப் பை. அதைத் தம்பி தூக்கிக்கொண்டு ஓடினால் அண்ணன் கையை வீசிக்கொண்டு நடப்பார். நடந்தார்.

'வேலி போட்டால் உறவு போய்விடுமே?' என்று பயப்படுகிறவர்கள் ஆதியாகமம் 31 படிக்கலாம். நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். லாபான், யாக்கோபின் தாய்மாமன். யாக்கோபு மாமன் மகள் ராகேலைக் கட்ட ஏழு வருஷம் உழைத்தார். கல்யாண ராத்திரி மாமன் மூத்தவள் லேயாளை அனுப்பி வைத்துவிட்டார். ராகேலுக்காக இன்னொரு ஏழு. ஆட்டு மந்தைக்காக ஆறு. ஆக 20 வருஷம். அதற்குள் சம்பளத்தைப் பத்து தடவை மாற்றினாராம் மாமா. கூட்டினார் என்று எழுதவில்லை. ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட் இல்லாத காலம்.

ஒருநாள் யாக்கோபு குடும்பத்தோடு சொல்லாமல் கிளம்பிவிட்டார். மாமா ஏழு நாள் துரத்திப் பிடித்தார். அங்கே யாக்கோபு வாய் திறந்து, பகல் வெயில், ராத்திரிக் குளிர், போன தூக்கம், மாறிய சம்பளம் என்று 20 வருஷத்தையும் கொட்டினார். 20 வருஷப் பொறுமை தராத சமாதானம் அன்றைக்குத்தான் வந்தது. கற்களைக் குவித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இந்தக் குவியலைத் தாண்டி நான் உன் பக்கம் வர மாட்டேன், நீயும் என் பக்கம் வரக் கூடாது என்று ஒப்பந்தம். மாமாவுக்கும் ஒரு ஷரத்து உண்டு, தன் பெண்களைக் கொடுமைப்படுத்தக் கூடாது. அந்த இடத்திலேயே சாப்பிட்டார்கள். காலையில் லாபான் பேரன்களையும் பெண்களையும் முத்தமிட்டு, வாழ்த்திவிட்டு ஊர் திரும்பினார்.

அந்த இடத்துக்கு மிஸ்பா என்றும் ஒரு பெயர். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் 'மிஸ்பா' என்று பொறித்த நகைகளைக் காதலர்கள் பரிசு கொடுத்துக்கொண்டார்கள். பிரிந்திருக்கும்போது கடவுள் நம்மைப் பார்த்துக்கொள்வார் என்று உருகி. லாபான் சொன்னதன் அர்த்தம் வேறு. 'உன்னை நான் நம்பவில்லை, என் கண் மறைந்த பிறகு மேலே இருக்கிறவர் கண்காணிக்கட்டும்.' கட்டிப்பிடித்து அழுகிற கடைசி ரீல் கிடையாது. ஆனாலும் யாரும் யாரையும் அடிக்கவில்லை, சாப்பாடு ஒன்றாக நடந்தது. அதுவும் சமாதானம்தான்.

நம் நண்பருக்குக் கல் குவிக்க இடமில்லை. வில்லிவாக்கத்தில் சிங்கிள் பெட்ரூம். மத்தேயு 18-ல் சொல்லியிருக்கும் வழியை எடுத்துக்கொண்டார். மனஸ்தாபம் என்றால் முதலில் தனியாக அவரிடமே போய்ப் பேசு. கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்கவில்லையா, சபையிடம் சொல். இதில் 'அம்மாவிடம் சொல்லி அவர் மூலம் சொல்ல வை' என்று ஒரு படி கிடையாது. அம்மாவைத் தபால் ஆபீஸாக வைத்துக்கொண்டுதான் நம் குடும்பங்களில் பாதிச் சண்டை ஓடுகிறது. போகிற வழியில் ஒவ்வொரு கடிதமும் கொஞ்சம் கனம் கூடிவிடும்.

ஊருக்கு பஸ் ஏறினார். அண்ணனைத் தனியாகப் பார்த்து மூன்றே விஷயம் சொன்னார்.

"அண்ணே, கையெழுத்துப் போட மாட்டேன். பழைய பணத்தை நான் கேக்க மாட்டேன், அது முடிஞ்சு போச்சு. அண்ணி, பிள்ளைங்களுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடுங்க."

அண்ணன் கத்தினார். பட்டணத்துத் திமிர் என்றார். தம்பி கத்தவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. விளக்கம் கொடுக்கக் கொடுக்க எதிராளிக்குப் பிடித்துத் தொங்கக் கொம்பு கிடைக்கும். சொன்னதையே இன்னொரு தடவை அதே குரலில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

எட்டு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா அழுதார். கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பினார், அண்ணி வாங்கிக்கொண்டார், அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இன்றைய நிலவரம் அவ்வளவுதான். மன்னிப்பது ஒரு கை வேலை, தம்பி முடித்துவிட்டார். உறவு சேர்வதற்கு இரண்டு கை வேண்டும். இன்னொரு கை எப்போது நீளும் என்பது பவுல் சொன்ன அந்த 'முடியுமானால்' கணக்கில் சேர்த்தி. ஆனால் இப்போது தூங்குகிறாராம்.

மூன்று படிக்கும் மசியாதவனை என்ன செய்வது? ஆயக்காரனைப் போல நினைத்துக்கொள் என்று முடிகிறது மத்தேயுவின் அந்தப் பகுதி. ஆயக்காரன் என்றால் அந்தக் காலத்து வரி வசூல்காரர், யாரும் சேர்த்துக்கொள்ளாத ஜாதி. 'பார்த்தீர்களா, ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறது' என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இயேசு ஆயக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் கெட்ட பெயர் வாங்கினார். மத்தேயுவே ஒரு ஆயக்காரர். ஆக, பந்தி உண்டு. பீரோ சாவிதான் கிடையாது.

ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் முரட்டு மேனேஜர், கடன்கார அண்ணன் வகையறாவுக்கு. கை நீட்டுகிறவர் விஷயம் வேறு. அடிக்கிற புருஷனிடம் 'தனியாகப் போய்ப் பேசு, ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்' என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது சமாதானம் பண்ணுவது அல்ல, அடிக்கு ஆள் சப்ளை பண்ணுவது. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவள் அந்த வீட்டில் பாதுகாப்பாக வசிக்க உரிமை தருகிறது. பெண்களுக்கான உதவி எண் 181. உங்கள் அக்கா வாசலில் வந்து நின்றால் முதலில் உள்ளே கூப்பிடுங்கள். வசனம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு யோசனை. இந்த வாரம் யாராவது ஜாமீன் கையெழுத்துக்கு வந்தால், பேனாவில் மை இல்லை, வீட்டில் கேட்க வேண்டும், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று நெளியாதீர்கள். மறு கன்னத்துக்கு இரண்டே வசனம் முன்னால் அதே பிரசங்கத்தில் இன்னொரு புத்திமதி இருக்கிறது. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் வேண்டாம். கன்னம் எல்லோருக்கும் மனப்பாடம். இதை யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.